முப்பத்தொன்பதாம் நம்பர்

ஒரே ஒரு தடவை வேலை செய்துவிட்டு, அப்புறம் செய்யவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பொருள் இருக்கிறதே, மனிதனைப் பைத்தியமாக அடிக்க அதைவிட வேறு எதுவும் வேண்டாம். ஒரு தடவைகூட வேலை செய்யாத பொருள் எவ்வளவோ தேவலை. தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டித் தூங்கலாம். ஜலாலுதீனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

செங்கல்பட்டு ரயில் நிலையத்தைத் தாண்டி, கொளவாய் ஏரியைப் பார்த்தாற்போல ஒரு மருந்துக் கம்பெனி இருந்தது. இருமல் சிரப், சொறி மருந்து, வயிற்று வலிக்கு ஓம வாட்டர், இவைதான் அங்கே சரக்கு. முதலாளி தர்மராஜ் முதலியாருக்கு ஒரு நாள் திடீரென்று ஆசை வந்துவிட்டது. வெள்ளைக்காரன் பென்சிலின் கண்டுபிடித்தான், நாம் ஒன்றைக் கண்டுபிடித்தால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்கள்? சிரப் கொட்டகைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று பலகை மாட்டினார். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற டாக்டர் ராஜாராமைத் தலைவராக உட்கார வைத்தார். ரசாயனத்துக்கு எம்.எஸ்ஸி. படித்த ஜலாலுதீன். கிருமிக்குச் சென்னையில் பயிற்சி பெற்று வந்த ஜெசிந்தா. எலிகளைப் பார்த்துக்கொள்ள எல்லப்பன். ஐம்பத்தாறாம் வருஷம் பிறந்தபோது பலகையின் சாயம் உரியத் தொடங்கியிருந்தது. மருந்துதான் பிறக்கவில்லை.

வேலை என்னவென்றால், ஜலாலுதீன் புதிது புதிதாக ரசாயனப் பொருள்களைச் சமைப்பான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்றின் வாலை வெட்டி இன்னொரு வாலை ஒட்டுவான், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அதைச் சின்னக் குப்பியில் போட்டு அடுத்த அறையிலிருக்கும் ஜெசிந்தாவிடம் கொடுப்பான். அவளிடம் ஒரு சீழ்க் கிருமி இருந்தது. பென்சிலினுக்கும் மசியாத கிருமி. யாரோ ஒருவருடைய காலில் ஆறாத புண்ணிலிருந்து எடுத்தது. அதை அகர் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் விதைத்து, நடுவில் சின்னக் குழி வெட்டி, குழியில் மருந்தை விட்டு, இன்குபேட்டரில் வைப்பாள். மறுநாள் காலையில் பார்த்தால் தட்டு முழுக்க மாவு பூசினாற்போலக் கிருமி படர்ந்திருக்கும். மருந்துக்கு வீரியம் இருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி அண்டாத ஒரு தெளிந்த வட்டம் தெரியும்.

முப்பத்தெட்டு நம்பர்கள் வரை வட்டமே தெரியவில்லை. கிருமி குழியின் வாய் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது.

முப்பத்தொன்பதாவதின் ரசாயனப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நம்பரோடு விட்டுவிடலாம். மாசி மாதத்தில் ஜலாலுதீன் அதைச் சமைத்தான். புளித்த காடி நெடி வீசும் அமிலத்தில் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டினான். ஈரப் பொடியை மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும். அதற்குப் பீங்கான் தட்டுகள் கேட்டு எழுதி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இறக்குமதி லைசென்ஸ், கப்பல், சுங்கம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வந்தது, தட்டு வரவில்லை. இருந்த ஒன்றும் உடைந்துபோக, அவன் வீட்டிலிருந்து ஒரு பழைய சகனைக் கொண்டுவந்து வைத்திருந்தான். சகன் என்பது அவர்கள் வீட்டு விருந்துகளில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அகலமான தட்டு. செம்பில் அடித்து, உள்பக்கம் ஈயம் பூசியிருக்கும். முப்பத்தொன்பதை அதில்தான் பரப்பினான். காய்ந்த பிறகு வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய பொடி கொஞ்சம் அழுக்குப் பிடித்த மாதிரி பச்சை கலந்து இருந்தது. ஜலாலுதீனுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த தடவை இன்னும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே குப்பியில் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் ஜெசிந்தா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அவள் அப்படி வருகிறவள் அல்ல. கையில் கண்ணாடித் தட்டு.

"ஜலால் சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

குழியைச் சுற்றி வெள்ளி ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம். அதற்குள் ஒரு கிருமி இல்லை. அவன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான், திருப்பினான், மறுபடியும் பிடித்தான். வாய் விட்டுச் சிரித்துவிட்டான். ஜெசிந்தாவும் சிரித்தாள். அந்தக் குப்பியில் இருந்தது தீர்கிற வரைக்கும் அவள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வட்டம் வந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க மட்டும் அது போதவில்லை. எலிக்கு நிறைய வேண்டும், அதனால் பெரிதாக ஒரு பேட்ச் போடச் சொன்னாள்.

டாக்டர் ராஜாராம் நல்லவர்தான், ஆனால் சுத்தமான அவசரக்குடுக்கை. பெரிய பேட்ச் வருகிற வரைக்கும் அவரால் பொறுக்க முடியவில்லை. சென்னையில் தனக்குத் தெரிந்த நிபுணர்களுக்கெல்லாம் எழுதிவிட்டார். அவர்கள் மூன்று பேர் கொண்ட குழுவாக வைகாசியில் வந்து நேரில் பார்ப்பதாகப் பதில் போட்டார்கள். முதலியார் ஆராய்ச்சிப் பிரிவுக்கு லட்டு கொடுத்தனுப்பினார்.

இதற்கிடையில் ரம்ஜான் நெருங்கியது. நோன்பு மாதத்துக்கு முன்னால் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் எடுத்துப் போட்டு ஈயம் பூசுவது ஜலாலுதீன் வீட்டில் வழக்கம். அவன் மனைவி ஷரீபுன்னிசா தேக்சா, அண்டா, செம்பு என்று ஒன்று விடாமல் தெருவில் வந்த ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்தாள். கம்பெனிக்குப் போயிருக்கும் சகன் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதையும் ஆள் விட்டு எடுத்துவரச் சொன்னாள். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று அது திரும்பி வந்தபோது ஜலாலுதீனுக்கு மனம் குளிர்ந்தது. நம் வேலையில் இவளுக்கும் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டான். அக்கறைதான். யார் இல்லை என்றார்கள்?

பெரிய பேட்ச்சை அந்தப் பளபளத் தட்டில் உலர்த்தினான். எலுமிச்சைப் பூ மாதிரி வெளிர் நிறத்தில், பார்க்கவே ஆசையாக வந்தது. இதற்கு முன்னால் அவன் கையில் இவ்வளவு சுத்தமான பொருள் வந்ததில்லை.

கிருமி குழியின் வாய் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது.

"உங்க கூழ் சரியில்ல போல கீது" என்றான் ஜலாலுதீன்.

"என் கூழுக்கு ஒண்ணும் இல்ல. உங்க பொடிதான் செத்துக் கிடக்குது" என்றாள் ஜெசிந்தா.

இன்னொரு பேட்ச் போட்டான். செத்துப் போயிருந்தது. அமிலத்தைக் கூட்டினான், குறைத்தான். சூட்டைக் கூட்டினான், குறைத்தான். முதல் தடவை வாங்கிய அதே கடையிலிருந்து அதே சரக்கை வாங்கினான். நோன்பு வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில், அடுப்புப் பக்கத்தில் நின்று, ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் காய்ச்சினான். பொருள் சுத்தமாகிக்கொண்டே போனது. சுத்தமாக ஆக ஆக உதவாமலும் போனது. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் வடிகட்டியைச் சுவரில் வீசி உடைத்தான். அப்புறம் அதையும் அவனேதான் கூட்டி அள்ள வேண்டியிருந்தது. இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் இன்னொன்று வராது என்பது அள்ளும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜெசிந்தாவுக்கும் எரிச்சல்தான். வட்டத்தைக் கண்ணால் பார்த்தவள் அவள். இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. முதல் குப்பியில் ஏதோ இருந்தது, மற்றக் குப்பிகளில் அது இல்லை. அந்த ஏதோ என்ன என்று யோசித்து யோசித்து அவள் ஓர் இடத்துக்கு வந்து நின்றாள். அதை அவள் ஜலாலுதீனிடம் சொல்லவில்லை. ராஜாராமிடம் சொன்னாள்.

ராஜாராம் அவனைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியைக் காட்டினார். ஜெசிந்தா ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க ஜலாலுதீன். தை மாசம் குழந்தைக்கு நிமோனியான்னு லீவு போட்டீங்களே. என்ன மருந்து கொடுத்தாங்க?"

"ஆரியோமைசின், சார்."

"அதுவும் மஞ்சத் தூளுதான், இல்லையா?"

ஜலாலுதீனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காதெல்லாம் சூடேறியது. ஆரியோமைசின் சீழ்க் கிருமியைக் கொல்லும். பென்சிலினுக்கு மசியாததையும் கொல்லும். குழந்தைக்கு வாங்கிய மாத்திரைக் கூட்டைப் பிரித்து ஒரு சிட்டிகையைக் குப்பியில் தூவினால் போதும், வட்டம் வந்துவிடும்.

"நான் அதைக் கலந்தேன்னு சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. குழு கேக்கும். கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஜெசிந்தாம்மா, நீங்க சொல்லுங்க. நான் அப்படிச் செய்யற ஆளா?"

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் பார்த்தது வட்டம், சார். அதுல இன்னா இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவனால் சொல்ல முடியவில்லை. அதுதான் கொடுமை. திருடாதவனிடம் திருடவில்லை என்பதற்குச் சாட்சி கேட்டால் அவன் எங்கே போவான்? ராஜாராம் இன்னொன்றையும் சொன்னார். குழு வருகிற அன்று வட்டத்தைக் காட்ட முடியவில்லை என்றால் முதலியார் பலகையைக் கழற்றிவிடுவார். ஜலாலுதீன் சிரப் கொட்டகைக்குப் போய்ச் சர்க்கரைப் பாகு காய்ச்ச வேண்டியதுதான். பாகு காய்ச்சுவதில் ஜலாலுதீனுக்கு அவமானம் இல்லை. பொய்க்காரன் என்ற பேரோடு போய்க் காய்ச்ச வேண்டுமே, அதைத்தான் நினைக்க முடியவில்லை.

பெருநாளுக்கு மாமனார் வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தான். ஷரீபுன்னிசா விடவில்லை. "மருந்து எங்கயும் ஓடிடாது. எங்க வாப்பா வருஷத்துக்கு ஒரு தபா கூப்புடறாரு" என்றாள். திருப்போரூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறிக் கோவளம் போய்ச் சேர்ந்தார்கள். தொழுகை முடிந்து, கட்டிப் பிடித்து வாழ்த்திக்கொண்டு, கடல் காற்றில் கூடத்தில் பாய் விரித்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். விருந்தாளிகள் ஏகம். சகன் போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். அதுதான் ஜலாலுதீன் முன்னால் வந்தது. அவனோடு மாமனார் ஜெயினுலாபுதீன், மச்சான் பஷீருதீன், வயதான மரக்காயர் ஒருவர். குவித்த பிரியாணிக்கு ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய்.

ஜலாலுதீன் ஏதோ நினைப்பில் ஊறுகாயைத் தொடப் போனான். பஷீருதீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அதைத் தொடாதே. அங்க ஈயம் போயி செம்பு தெரியுது பாரு. புளிப்பு பட்டு களிம்பு ஏறிப் பச்சையா கீது. வாந்திதான் வரும்." பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். "யாரு இந்த சகனைக் கொணாந்தது? ஊறுகாயைத் தனியா கிண்ணத்துல வைக்கக் கூடாதா?"

ஜலாலுதீன் கையை எடுக்கவில்லை. ஊறுகாய் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கறை. அந்தப் பச்சையை அவன் பார்த்திருக்கிறான். மாசி மாதத்தில், தன் பொடியில், அழுக்கு என்று நினைத்து வெட்கப்பட்டுப் பார்த்திருக்கிறான். பழைய சகன். நடுவில் தேய்ந்துபோன ஈயம். அமில ஈரம் காயாத பொடி. செம்பு! பொடி செம்பைப் பிடித்துத் தனக்குள் பூட்டி வைத்துக்கொண்டது. அதுதான் கொன்றது. அப்புறம் பெண்டாட்டி ஈயம் பூசினாள், செம்பு மூடிக்கொண்டது, மருந்து செத்தது.

அவனுக்கு அந்த நிமிஷமே எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் எப்படி எழுந்திருப்பது? சகனில் உட்கார்ந்தவன் மற்ற மூன்று பேரும் முடிக்காமல் எழுந்தால் அவர்களைச் சாப்பிட விடாமல் எழுப்பிய மாதிரி. அதுவும் பெருநாளில், மாமனார் வீட்டில். பஷீருதீன் பரவாயில்லை, வேகமாகச் சாப்பிடுகிறவன். மாமனாரோ ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி, பார்த்து, வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். மரக்காயருக்குப் பல் இல்லை. அவர் ஒரு எலும்பை வைத்துக்கொண்டு அதோடு ஏதோ வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ளே, கையைக் கட்டிக்கினு கீறீங்க? சாப்புடுங்க" என்றார் ஜெயினுலாபுதீன்.

"சாப்டுக்கினுதான் கீறேன் மாமா."

"மெதுவா சாப்புடுங்க. என்ன அவசரம்?"

ஜலாலுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டான். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல பிரியாணியை அவ்வளவு வெறுப்போடு யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறித் தனியாகச் செங்கல்பட்டு வந்தான். நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கினான். அதுவும் செம்புதானே. கண்ணாடிப் பாத்திரத்திலேயே முப்பத்தொன்பதை மயில்துத்தத்தோடு சேர்த்துக் காய்ச்சினான். கண்ணெதிரே வெளிர் மஞ்சள் கறுத்துப் பாசி நிறமாயிற்று. இந்தத் தடவை குப்பியைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஜெசிந்தாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"பக்கத்துலயே நில்லுங்க. நான் இன்னா போடறேன்னு கண்ணால பாருங்க. குப்பியை நீங்களே மூடி நீங்களே எடுத்துக்கினு போங்க."

ஜெசிந்தா நின்று பார்த்தாள். ஒரு தட்டில் அந்தப் பாசிப் பொடி, ஒன்றில் செம்பு சேராத வெளிர் மஞ்சள் பொடி, ஒன்றில் வெறும் மயில்துத்தம் என்று அவளே பிரித்துப் போட்டாள். மறுநாள் காலையில் மஞ்சளுக்கு வட்டம் இல்லை. மயில்துத்தத்துக்கும் சொல்லும்படி இல்லை. பாசிப் பொடியைச் சுற்றி வெள்ளி ரூபாயைவிட அகலமான வட்டம்.

"ஆரியோமைசின்னு சொன்னது தப்பு சார்" என்றாள். "நான் உங்ககிட்டயே கேட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

"அதைக் குழு முன்னால சொல்லுங்க, போதும்" என்றான் ஜலாலுதீன். கோபமா, சந்தோஷமா என்று அவனுக்கே தெரியவில்லை.

குழு வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. இதோடு நின்றிருக்கலாம். வட்டத்தைக் காட்டி, கைதட்டல் வாங்கி, பலகைக்குப் புதுச் சாயம் அடித்திருக்கலாம். ஆனால் கண்ணாடித் தட்டில் கொல்வது மருந்தல்ல. தட்டில் நெருப்பை வைத்தாலும்தான் கிருமி சாகும். உடம்புக்குள் போய்க் கிருமியை மட்டும் கொன்று உடம்பை விட்டுவைக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் எல்லப்பனின் வெள்ளை எலிகள். பாதி எலிகளுக்குக் கிருமியை ஏற்றி மருந்து கொடுத்தார்கள். பாதிக்குக் கிருமி மட்டும்.

மறுநாள் மத்தியானம் எல்லப்பன் வந்து நின்றான்.

"சார், மருந்து குடுக்காத எலிங்கல்லாம் கொஞ்சம் சோர்ந்தாப்புல கீது. ஆனா ஓடிக்கினுதான் கீது."

"மருந்து கொடுத்தது?"

எல்லப்பன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணுகூட இல்ல சார்."

அளவைக் குறைத்தார்கள். எலி செத்தது. இன்னும் குறைத்தார்கள். எலி பிழைத்தது, கிருமியும் பிழைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலிழை இடம்கூட இல்லை. செம்பு இல்லாவிட்டால் முப்பத்தொன்பது எதையும் கொல்லாது. செம்பு இருந்தால் எல்லாவற்றையும் கொல்லும். ஜலாலுதீன் எலிக் கூண்டுகளுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டான். ஈயம் பூசியதற்காக மனைவியை மனதுக்குள் எத்தனை தடவை நொந்துகொண்டான்! உண்மையில் அவள் செய்ததுதான் சரி. விஷம் என்று தெரிந்துதான் எல்லா வீட்டிலும் ஈயம் பூசுகிறார்கள். அந்த விஷத்தைத்தான் அவன் மருந்து என்று மாசியிலிருந்து தேடிக்கொண்டிருந்தான்.

குழு வருகிற அன்று காலையில் ராஜாராம் அவன் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார்.

"தட்டை மட்டும் காட்டுங்க. எலியைப் பத்தி அவங்க கேட்டா பாத்துக்கலாம். கேக்காட்டி நாம ஏன் சொல்லணும்? கொஞ்சம் டைம் கெடைச்சா நாற்பது, நாற்பத்தொண்ணுன்னு வேற எதாவது வரும். பிரிவு இருந்தாத்தானே வரும்?"

அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஜலாலுதீன் தலையை ஆட்டினான். அவன் மனதில் அப்போது இருந்ததெல்லாம் ஒன்றுதான். தான் பொய் சொல்லவில்லை என்று அந்த மூன்று பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று பேரும் காரில் வந்தார்கள். தலைவராக வந்தவர் பருமனாக, தடித்த கண்ணாடி போட்டிருந்தார். தட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் கொடுத்தார். பிறகு ஆரம்பித்தார்கள். இதை வேறு யாராவது செய்து பார்த்தார்களா? முதல் பேட்ச்சில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் அதிலும் செம்புதான் இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஜெசிந்தா எழுந்து, தான் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொன்னாள். நீங்களும் இந்தக் கம்பெனிதானே அம்மா என்று ஒருவர் சிரித்தார். பொடியைச் சென்னைக்கு எடுத்துப் போக வேண்டும், அங்கே மூன்று இடங்களில் தனித்தனியாகச் செய்து பார்க்க வேண்டும், கிருமியையும் அவர்களே கொடுப்பார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் வட்டம் வந்தது என்றே சொல்ல முடியும். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "வீட்டில் குழந்தைக்கு ஆரியோமைசின் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்?"

ராஜாராம் மேசையைப் பார்த்தார். அவர் எழுதித்தான் அது சென்னைக்குப் போயிருக்க வேண்டும்.

ஜலாலுதீனுக்குள் ஏதோ அறுந்தது. கண்ணெதிரே தட்டு இருக்கிறது, வட்டம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. இன்னும் இந்த மனிதர்களுக்கு என்னதான் வேண்டும்? நெஞ்சைக் கிழித்துக் காட்ட வேண்டுமா? எதற்காக இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

"எலி செத்துப் போச்சு சார்" என்றான்.

"என்ன?"

"இதைக் கொடுத்த எலியெல்லாம் செத்துப் போச்சு. குறைச்சுக் கொடுத்தாலும் செத்துப் போச்சு."

தலைவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். மற்ற இரண்டு பேரும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். ராஜாராம் பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான், முடிந்தது. ஒரு கேள்வி வரவில்லை.

வந்ததற்கு மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று குழு விரும்பியது. டிரைவர் சென்னைக்காரர், வழி தெரியாது. ஜலாலுதீன் அந்தக் கடற்கரைப் பக்கத்து மாப்பிள்ளைதானே, கூடப் போகட்டும் என்று ராஜாராமே சொல்லி முன் சீட்டில் உட்கார வைத்தார். கார் கதவைச் சாத்தும்போது, காதோடு, "நாளைக்குக் காலையில சிரப் பக்கம் வந்துடுங்க. முதலியார்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற நேரம் முழுக்க ஜலாலுதீன் இடது, வலது என்பதைத் தவிர வாய் திறக்கவில்லை.

கடற்கரைக் கோயிலுக்கு அருகில் காற்று வேட்டிகளைப் பிடித்து இழுத்தது. செங்கம்மாள் என்ற பெண் மணலில் கூடை வைத்து இளநீர் விற்றுக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் சீவிக் கொடுத்தாள். மற்ற இரண்டு பேரும் கோயிலைச் சுற்றப் போனார்கள். தலைவர் ஜலாலுதீன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கள் நேர்மையானவர்" என்றார் மனப்பூர்வமாக. "எலி விஷயத்தை மறைத்திருக்கலாம். நாங்கள் கேட்டுக்கூட இருக்க மாட்டோம். மறைக்காமல் சொன்னீர்கள். அதைப் பாராட்டுகிறேன்."

ஜலாலுதீன் இளநீரை மணலில் வைத்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமாக."

"இது வேலை செய்யுதுன்னு சொன்னேன். மாசியிலேர்ந்து சொல்லிக்கினு கீறேன். தட்டைக் காட்டினேன், சாட்சி சொல்ல ஆள் கொண்டாந்தேன். மூணு எடத்துல செஞ்சு பாக்கணும்னீங்க. எம் புள்ளைக்குக் குடுத்த மருந்தைக் கேட்டீங்க. சரி. எலி செத்துச்சுன்னு சொன்னேனே, அதுக்கு ஏன் ஒருத்தரும் சாட்சி கேக்கல? எத்தினி எலின்னு கேக்கல. செத்த எலி எங்கன்னு கேக்கல. நான் பொய்க்காரன்னா, அதுல மட்டும் எப்படி உண்மை பேசினேன்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். உப்புக் காற்றில் அது மேலும் மங்கியது.

"இன்னும் ஒண்ணு சீவட்டுமா சாமி?" என்று செங்கம்மாள் கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் அவர். பிறகு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் காரைப் பார்த்து நடந்தார். ஜலாலுதீன் திரும்பிச் செல்ல வழி காட்ட வேண்டும், அதனால் அவனும் பின்னாலேயே போனான்.